'காதல் நாடகம்' என்று போடாதீர்கள்

ஓடிடி செயலி ஒன்றின் தமிழ்ப் பக்கத்தில், 1955-ல் வந்த 'மார்ட்டி' என்ற அமெரிக்கப் படத்துக்கு, 'ரொமான்டிக் டிராமா' என்ற ஆங்கில வகைப் பெயரை மொழிபெயர்த்து, 'காதல் நாடகம்' என்று குறிப்பு போட்டிருக்கிறார்கள். நியூயார்க்கின் பிராங்க்ஸ் பகுதியில் கறிக்கடையில் வேலை பார்ப்பவன் மார்ட்டி. 34 வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. சனிக்கிழமை ராத்திரி என்ன பண்ணலாம் என்று நண்பன் கேட்பான். 'தெரியலை, நீ சொல்லு' என்பான் இவன். பேச்சு அதற்கு மேல் நகராது. அப்படிப்பட்டவன், கூட்டி வந்தவன் கழற்றிவிட்டதால் நடன அரங்கில் அழுதுகொண்டிருக்கும் ஆசிரியை கிளாராவைச் சந்திக்கிறான். இதில் நாடகம் ஆடுவது யார்?

தமிழில் 'காதல் நாடகம்' என்றால் 'காதல் நாடகமாடி நகை பறித்த வாலிபர் கைது' என்ற செய்திதான் நினைவுக்கு வரும். திருப்பிப் போட்டு 'நாடகக் காதல்' என்றால் இன்னும் மோசம். சாதி மறுத்துக் கல்யாணம் செய்பவர்களைக் கொச்சைப்படுத்த அரசியல் மேடைகளில் புழங்கும் வசவு அது.

'டிராமா' கிரேக்கச் சொல். செய்தல், செயல் என்பது அடிப்படைப் பொருள். 18-ஆம் நூற்றாண்டு பிரான்சில் எழுத்தாளர் திதரோ போன்றவர்கள், அவலமும் அல்லாத நகைச்சுவையும் அல்லாத, சாதாரணக் குடும்பங்களின் கதையை மேடையேற்ற வேண்டும் என்றார்கள். படவகைப் பெயராக நாம் காணும் 'டிராமா' அந்த வழியில் வந்தது. நம் 'நாடகம்' வடமொழி 'நாடக'வோடு சேர்ந்தது. நாடு, அகம் என்று பிரித்துப் பொருள் சொல்கிறவர்களுக்குப் பதில் சொல்லி மாளாது.

தொல்காப்பியரோ 'நாடக வழக்கினும் உலகியல் வழக்கினும்' என்று இரண்டையும் தனித்தனியே வைத்தார். புனைந்து கூட்டியது ஒன்று, உலகத்தில் உள்ளபடி நடப்பது மற்றொன்று. 'மார்ட்டி' மாதிரிப் படங்கள் உலகியலை ஒட்டியவை. அவற்றின் மேல் நாடக முத்திரையைக் குத்துகிறோம்.

மார்ட்டியே முதலில் நாடகம்தானே என்று ஒருவர் கேட்கலாம். உண்மைதான்; பேடி சாயெஃப்ஸ்கி எழுதி 1953-ல் தொலைக்காட்சியில் நேரலையாக நடித்துக் காட்டியது. அந்த ஒளிபரப்பை நாடகம் என்று தாராளமாகச் சொல்லலாம். பம்மல் சம்பந்த முதலியாரின் 'மனோகரா' 1954-ல் படமானபோது அதை நாடகப் படம் என்றாலும் பொருந்தும். மேடையையே பார்க்காத கதைக்கும் அதே பெயர் எதற்கு? வீடுகளில் நாடகம் என்றால் சீரியல். செயலியில் 'நாடகங்கள்' என்ற வரிசையைத் திறக்கும் அம்மாக்கள் எபிசோடைத்தான் தேடுவார்கள். மொழிபெயர்த்தவர் 'காதல் நாடகம்' என்பதை ஒரு தடவை வாய்விட்டுப் படித்திருந்தால் போதும். இப்போதெல்லாம் அகராதியில் முதலில் வரும் சொல்லை எடுத்து ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

புராணப் படங்களிலிருந்து பிரித்துக் காட்ட அந்தக் காலத்தில் 'சமூகப் படம்' என்றார்கள். நல்ல சொல்தான், ஆனால் ரொம்ப அகலம். என் வாக்கு 'வாழ்வியல் படம்' என்பதற்கு. காதல் மையமாக இருந்தால் 'காதல் படம்' போதும், வால் வேண்டாம். 'டிராமா' என்றே விட்டுவிடலாமே என்றால் அதுவும் உதவாது. 'ரொம்ப டிராமா பண்ணாதே' என்று ஊரே சொல்கிறது.