குறைதீர்ப்பாளரிடம் பேசினால் மட்டும் புகார் பதிவாகாது

அமெரிக்க மத்திய அரசுத் துறைகள் பலவற்றில் ஊழியர்களுக்கென்று ஒரு குறைதீர்ப்பாளர் இருக்கிறார். நம்மூர் வங்கி ஆம்புட்ஸ்மேனைப் போல உத்தரவு போடும் அதிகாரம் இவருக்குக் கிடையாது. விசாரிக்கவும் மாட்டார், யாருக்காகவும் வாதாடவும் மாட்டார். சொல்வதைக் கேட்டு, என்னென்ன வழிகள் உண்டு என்று விளக்குவார். நீங்கள் சம்மதித்தால் மட்டும் மேலதிகாரியிடம் பேசுவார்.

பலர் கோட்டைவிடுவது இங்கேதான். குறைதீர்ப்பாளரிடம் சொல்லியாகிவிட்டது, துறைக்கே தெரிவித்த மாதிரிதான் என்று இருந்துவிடுகிறார்கள். இனம், பாலினம், வயது போன்ற பாகுபாடு என்றால் சம்பவம் நடந்த 45 நாட்களுக்குள் சம வேலைவாய்ப்பு ஆலோசகரை அணுக வேண்டும். பணிநீக்கத்தை எதிர்த்து மேல்முறையீடு செய்யப் பொதுவாக 30 நாட்கள்தான். குறைதீர்ப்பாளருடன் பேசிக்கொண்டிருப்பதால் மட்டும் இந்தக் கெடு நிற்பதில்லை. நல்ல குறைதீர்ப்பாளர் முதலில் கேட்பதே "இது எந்தத் தேதியில் நடந்தது?" என்பதைத்தான்.

நேரம் கேட்க ஃபோன் செய்யுங்கள். அலுவலக மின்னஞ்சலில் விவரங்களைக் கொட்டாதீர்கள், அது துறையின் சர்வரில் தங்கிவிடும். நீங்கள் சொல்வதைக் குறைதீர்ப்பாளர் ரகசியமாக வைத்திருப்பார், ஆனால் யாருக்காவது உடனடியாகக் கடும் ஆபத்து நேரும் என்றால் ரகசியம் காக்க முடியாது. வேறு விலக்குகள் உண்டா என்பதை வாய் திறப்பதற்கு முன்பே கேட்டுவிடுங்கள்.

பாதுகாப்புக் குறையைச் சுட்டிக்காட்டியதிலிருந்து கூட்டங்களுக்கு அழைப்பு வருவதில்லை என்று ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். பழைய பொறுப்பு திரும்ப வேண்டுமா, இடமாற்றமா, முறையான புகாரா? பதிலைப் பொறுத்து வழி மாறும். மேலாளரிடம் பேச அவர் முடிவெடுத்தால், முதல் இரண்டு வாக்கியங்களைக் குறைதீர்ப்பாளர் அந்த அறையிலேயே சொல்லிப் பார்க்க வைப்பார். அந்த இரண்டு வாக்கியங்களில் குற்றச்சாட்டுத் தொனி இருந்தால் பேச்சு அங்கேயே முறிந்துவிடும். பழிவாங்கல் என்று தோன்றினால், அத்தகைய புகார்களை விசாரிக்கும் தனி அரசு அமைப்பான சிறப்பு வழக்கறிஞர் அலுவலகத்தைச் சுட்டிக்காட்டுவார்.

நிர்வாகத்துக்கு இவரால் கிடைக்கும் பெரிய பலன் வேறு. ஒரே குறை பல பிரிவுகளிலிருந்து வந்தால், பெயர் சொல்லாமல் தலைமைக்குத் தெரிவிப்பார். ஆறு பேர் கொண்ட பிரிவில் "பிரசவ விடுப்பு முடிந்து வந்தவர்" என்றாலே ஆள் தெரிந்துவிடும். அங்கே வாய் திறக்காமல் இருப்பதே சரி.

2016-இல் அமெரிக்க நிர்வாக மாநாடு (அரசு நிர்வாக நடைமுறைகளை மேம்படுத்தப் பரிந்துரைகள் தரும் மத்திய அரசு அமைப்பு) தன் பரிந்துரையில் சுதந்திரம், ரகசியம், நடுநிலை மூன்றையும் வலியுறுத்தியது. இருந்தும் இவரை மனிதவளப் பிரிவுக்குக் கீழே வைத்தால் ஊழியர் எவரும் அந்தக் கதவைத் தட்ட மாட்டார்கள். இவர் துறைத் தலைவருக்கே நேரடியாகப் பதில் சொல்ல வேண்டும். மேலாளர்களுக்கும் ஒன்று: "என் பிரிவிலிருந்து யார் வந்தார்கள்?" என்று கேட்காதீர்கள்.