ஒரு தாள் மட்டும் உள்ளே போக வேண்டும்

ட்ரேயில் 200 தாள் அடுக்கி வைக்கிறோம். அதில் மேலே இருக்கும் ஒரே ஒரு தாள் மட்டும் பிரிண்டருக்குள் போக வேண்டும். பேப்பர் சிக்குவது பல நேரம் இந்த முதல் அடியிலேயே தொடங்கிவிடுகிறது.

ஒரு ரப்பர் ரோலர் சுழன்று மேல் தாளை இழுக்கிறது. எதிரே ஒரு சிறு பட்டை. கூடவே இன்னொரு தாள் ஒட்டிக்கொண்டு வந்தால் அதைப் பிடித்து நிறுத்துவது இதன் வேலை. ரோலர் தாளைப் பற்றும் பிடிமானம்தான் எல்லாவற்றிலும் அதிகமாக இருக்க வேண்டும். பட்டையின் பிடி அதைவிடக் குறைவு. தாளுக்கும் தாளுக்கும் உள்ள உராய்வு எல்லாவற்றிலும் குறைவு. இந்த வரிசை குலையாதவரை தாள்கள் ஒவ்வொன்றாகவே போகும்.

குலைப்பவை தூசியும் ஈரமும். தாளில் கலந்திருக்கும் சுண்ணாம்புத் தூள் உதிர்ந்து ரப்பரில் படிய, ரோலர் வழுக்கத் தொடங்கும். தாளின் முனை குறித்த நேரத்துக்குள் சென்சாரை எட்டவில்லை என்றால் பிரிண்டர் 'ஜாம்' என்று நின்றுவிடும். திறந்து பார்த்தால் எதுவுமே கசங்கியிருக்காது! பிரிண்டரை அணைத்துவிட்டு, நூல் பிரியாத துணியை லேசாக நனைத்து ரோலரைத் துடைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். அப்புறமும் வழுக்கினால் ரோலர் தேய்ந்துவிட்டது, மாற்றத்தான் வேண்டும்.

ஈரம் இன்னும் தந்திரமானது. தாள் என்பது மரநார். காற்றின் ஈரத்தை உறிஞ்சி உப்பும். ஐப்பசி மழையில் சென்னை அலுவலகம் ஒன்றில் இரவு ஏசியை அணைத்துவிட்டுப் போனால், பிரித்து வைத்த கட்டின் ஓரங்கள் முதலில் உப்பி அலை அலையாகிவிடும். தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டும். லேசர் பிரிண்டரில் டோனர் என்னும் மைத்தூளை உருக்கிப் பதிக்கும் உருளைகளின் சூடு ஏறக்குறைய 200 டிகிரி செல்சியஸ். அங்கே ஈரம் சட்டென்று வெளியேற, தாள் சுருண்டு வெளியேறும் வழியில் மாட்டிக்கொள்ளும். என்னைக் கேட்டால், மிஷினைக் குறை சொல்வதற்கு முன் பேப்பரைத்தான் பார்க்க வேண்டும். கட்டின் உறை ஈரத்தைத் தடுப்பதற்காகவே செய்யப்பட்டது; அதைக் கிழித்தெறியாமல், எடுத்தது போக மீதியை மடித்து மூடி வையுங்கள். ட்ரேயில் போடும் முன் தாள்களை விசிறிப் பிரித்துவிடுங்கள். பக்கவாட்டுத் தடுப்புகள் தாளைத் தொட்டு நிற்க வேண்டும், நெருக்கக் கூடாது.

அப்படியும் சிக்கினால், முடிந்தவரை தாள் போகும் திசையிலேயே இரண்டு கையாலும் மெதுவாக இழுங்கள். கிழிந்துவிட்டால் துண்டுகளை மேசையில் சேர்த்து வைத்துப் பாருங்கள். ஒரு மூலை குறைந்தால், அது இன்னும் உள்ளேதான் இருக்கிறது.