கேலிக்குழுவின் குரல் யாருடையது?

சென்ற மாதம், தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பனை ஒட்டிய ஃபீனிக்ஸிலிருந்து ஒரு கீபோர்டுக் கலைஞர் சட்ட ஆலோசனைக்காக என் அலுவலகத்துக்கு வந்தார். கையிலிருந்த பிளாஸ்டிக் பையில் ஒரு பென்டிரைவும், "சாப்பாடு, பெட்ரோல் செலவு" என்று எழுதி 1,500 ராண்டு பெற்றுக்கொண்ட துண்டுச்சீட்டும் இருந்தன. கல்யாண வீட்டுப் பாட்டுக்குழுக்களைக் கேலி செய்யும் மேடை நாடகம் ஒன்றுக்காக, இல்லாத ஒரு குழுவின் பெயரில் நான்கு பாடல்களுக்கு மெட்டமைத்து, வாசித்து, தாமே பாடியும் கொடுத்திருக்கிறார். ஜிகினாக் கோட்டும் சவரிமுடியும் அணிந்த மூன்று நடிகர்கள் மேடையில் வாயசைத்தார்கள். சுவரொட்டியில் அவர்கள் படமும் கற்பனைக் குழுவின் பெயரும் இருந்தன, இவர் பெயர் இல்லை. ஈராண்டு கழித்து அந்தப் பாடல்களில் ஒன்று ஒரு கடையின் வானொலி விளம்பரத்தில் ஒலித்தபோது, பல்லவிக்கு முன்னால் இழுக்கும் மூச்சை வைத்தே அவருடைய மகள், "அப்பா, இது நீங்கள்தான்" என்று கண்டுபிடித்திருக்கிறாள்.

இந்த ஆண்டில் இப்படி வந்தவர்களில் இவர் மூன்றாமவர் என்பதால், பொறுமை தீர்ந்து இதை எழுதுகிறேன்.

மூவரும் ஒரே வாக்கியத்தோடுதான் தொடங்கினார்கள்: "விளையாட்டுக்குச் செய்ததுதானே அக்கா, அதற்கெல்லாம் எழுத்தில் ஒப்பந்தம் எதற்கு?" குழு கற்பனை என்றால் அதன் பாட்டும் கற்பனை, பாடியவரும் கற்பனை என்ற இந்த எண்ணம் எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை. கற்பனையானவை குழுவின் பெயரும், அதன் பொய் வரலாறும், நடிகர் முகத்தில் ஒட்டிய மீசையும் மட்டுமே. மெட்டு உண்மையானது, அதை அமைக்க விழித்திருந்த இரவு உண்மையானது, பாடிய தொண்டையும் உண்மையானது. உள்ளபடி சொன்னால், கேலிக்காக மோசமாக வாசிப்பதற்குத்தான் தேர்ந்த கலைஞர் தேவை; வேண்டுமென்றே அரைத்தாளம் தவறவிட்டு, அடுத்த சுற்றில் ஒன்றும் நடக்காததுபோல் வந்து சேரத் தாளம் தெரிந்தவரால்தான் முடியும். ஒரு மெட்டு சிரிப்பூட்டியதா அழ வைத்ததா என்று எந்த நீதிபதியும் கேட்டு நான் பார்த்ததில்லை. யார் அமைத்தது, யார் பணம் கொடுத்தது, எதில் கையெழுத்திட்டீர்கள் என்றுதான் கேட்பார்கள்.

டர்பன்காரர்களுக்கு இது இன்னும் நெருக்கமான விஷயம். இங்கே பிறந்து, த ஃபிளேம்ஸ் குழுவில் டிரம்ஸ் வாசித்து, பின்னர் அமெரிக்காவின் பீச் பாய்ஸ் குழு வரை சென்ற ரிக்கி ஃபடார்தான், பீட்டில்ஸைக் கேலி செய்த ரட்டில்ஸ் என்ற கற்பனைக் குழுவைப் பற்றி 1978இல் வந்த படத்தில் ஸ்டிக் ஓஹாராவாக நடித்து வாசித்தவர். அந்தக் குழுவில் டர்க் வேடமிட்ட எரிக் ஐடில் திரையில் வாயசைக்க, உண்மையில் பாடிய குரல் ஆலி ஹால்சால் என்பவருடையது. படத்தில் அவருக்குக் கிடைத்தது சில நொடிகளே வந்துபோகும் ஒரு சிறு வேடம். பாடல்களை எழுதியவர் நீல் இன்னஸ். பீட்டில்ஸ் பாடல்களின் பதிப்புரிமையை வைத்திருந்த ஏடிவி மியூசிக் நிறுவனம் அவர்மீது உரிமை கோரியபோது, ராயல்டியில் பாதியை விட்டுக்கொடுக்க நேர்ந்தது. பீட்டில்ஸைச் சேர்ந்த ஜார்ஜ் ஹாரிசனே அந்தப் படத்தில் சிறு வேடத்தில் நடித்திருந்தார் என்பதைக் கவனியுங்கள். கேலிக்கு ஆளானவர் சிரித்துக்கொண்டிருந்தாலும், உரிமை வைத்திருப்பவர் சிரிக்க வேண்டிய கட்டாயமில்லை. "பகடிதானே, பிறர் மெட்டை எடுத்துக்கொள்ளலாம்" என்பவர்களுக்கும் இங்கேயே பதில் சொல்லிவிடுகிறேன்: நம் நாட்டின் 1978ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தில் பகடிக்கென்று தனி விலக்கு கிடையாது.

ஸ்பைனல் டாப் என்ற இன்னொரு கேலிக்குழுவில் நடிகர்களே எழுதி, வாசித்து, பாடினார்கள். 1984இல் படமாக வந்த அந்தக் குழுவின் இசை விற்பனையில், 1989 முதல் 2006 வரை படைப்பாளிகள் நால்வருக்குக் கணக்கில் காட்டப்பட்ட பங்கு 98 டாலர் என்று, அவர்களில் ஒருவரான ஹாரி ஷியரர் 2016இல் தொடுத்த வழக்கில் கூறினார். ஒப்பந்தம் வைத்திருந்தவர்கள் நிலையே இது என்றால், துண்டுச்சீட்டு வைத்திருப்பவரின் நிலையை நான் விளக்க வேண்டியதில்லை.

ஃபீனிக்ஸ்காரர் விஷயத்துக்கு வருகிறேன். மாற்று ஒப்பந்தம் இல்லாதபோது, பணம் கொடுத்து ஒலிப்பதிவு செய்யச் சொன்னவரே அந்த ஒலிப்பதிவின் உரிமையாளர் என்று நம் பதிப்புரிமைச் சட்டத்தின் 21ஆம் பிரிவு சொல்லும். அந்த 1,500 ராண்டை எதிர்த்தரப்பு இதற்குத்தான் காட்டப்போகிறது. ஆனால் மெட்டின் உரிமை, வேலைக்கு அமர்ந்து செய்த பணியாக இல்லாதவரை, எழுத்தில் கையெழுத்திட்டுக் கொடுக்காமல் கைமாறாது. மேடைக்கென்று பாடிய குரலை விளம்பரத்துக்குப் படியெடுக்க வேண்டுமென்றால் பாடியவரின் சம்மதம் வேண்டும் என்று, 1967ஆம் ஆண்டு நிகழ்த்துநர் பாதுகாப்புச் சட்டமும் அவர் பக்கம் நிற்கிறது. வழக்கு இருக்கிறது, ஆனால் ஒரு பக்கத் தாள் இருந்திருந்தால் வழக்கே தேவைப்பட்டிருக்காது.

அந்த ஒரு பக்கத்தை ஒலிப்பதிவுக்கு முன்னால் எழுதுங்கள். பதிவு முடிந்து பிரியாணி சாப்பிட்ட பிறகு யாரும் கையெழுத்திட மாட்டார்கள். மெட்டு யாருடையது, குரல் யாருடையது, எதற்கு மட்டும் பயன்படுத்தலாம் என்று அதில் இருக்கட்டும். உங்கள் மெய்ப்பெயர் எங்காவது, சிறிய எழுத்திலாவது, அச்சாக வேண்டும் என்று கேளுங்கள். கேட்டால் கோபித்துக்கொள்ளும் நண்பர் கேட்காவிட்டாலும் கொடுக்கப்போவதில்லை. மெட்டமைத்தவர் இசையமைப்பாளர்களுக்கு ராயல்டி வசூலித்துத் தரும் சாம்ரோவிலும், வாசித்தவரும் பாடியவரும் ஒலிப்பதிவுகளுக்கு வசூலித்துத் தரும் சாம்ப்ராவிலும் பதிய வேண்டும். இரண்டும் ஒன்றென்று நினைத்து ஒன்றோடு நிறுத்திவிடாதீர்கள். முதலில் செய்த டெமோக்களையும் வாட்ஸ்அப் செய்திகளையும் தயவுசெய்து அழிக்காதீர்கள். போனில் இடமில்லை என்று அழித்துவிட்டு என் முன்னால் வந்து உட்காருபவர்களிடம் நான் என்ன சொல்வது?

ஃபீனிக்ஸ்காரருக்குப் பதிவுப் படிவத்தை அன்றே கொடுத்தேன். பாடியவர் பெயர் என்ற கட்டத்தில் அந்தக் கற்பனைக் குழுவின் பெயரை எழுதத் தொடங்கிவிட்டார். மூன்று எழுத்துகள் எழுதியிருந்தார். அந்தத் தாளை வாங்கிக்கொண்டு வேறொரு படிவம் கொடுத்தேன்.