ஜெயில் – சிறை

"அவன் திருச்சி ஜெயில்ல இருக்கான்." கும்பகோணம், மன்னார்குடிப் பக்கம் இப்படித்தான் பேசுவோம். 'சிறை' என்ற சொல் செய்தித்தாளோடு சரி. ஜெயில் என்பது ஆங்கிலத்துக்கே இரவல். பழைய பிரெஞ்சு வழியாக வந்த அதன் வேர் லத்தீனில் இருக்கிறது. பொருள், சிறு கூண்டு.

சிறை வேறு வழியில் வந்த சொல். 'வருவிசைப் புனலைக் கற்சிறை போல' என்கிறது தொல்காப்பியம். பாய்ந்து வரும் வெள்ளத்தைத் தாங்கி நிற்கும் கல் அணைதான் கற்சிறை. குறளில் 'சிறைசெய்யா வேந்தன்' என்றால், முன்கூட்டியே அரண் அமைத்துக்கொள்ளாத அரசன்.

டெல்டாக்காரர்களுக்கு அணையைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். கல்லணையில் தடுக்கும் தண்ணீர் அங்கேயே தேங்கிக் கிடக்கவா? மதகைத் தூக்கினால் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் என்று பிரிந்து வயலுக்குப் போகிறது. மிஞ்சும் வெள்ளம் கொள்ளிடத்தில். மனிதரை அடைக்கும் இடத்துக்கும் இதே பெயரை வைத்தார்களே என்று நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நெகிழும்.

சிறைச் சீர்திருத்தம் என்றதும் இங்கிலாந்தின் ஜான் ஹோவர்டைச் சொல்வார்கள். குற்றமற்றவர் என்று விடுவிக்கப்பட்டவர்கள்கூட, காவலருக்குத் தரவேண்டிய கட்டணம் இல்லாமல் உள்ளேயே கிடப்பதைப் பார்த்துப் பதறியவர் அவர். ஊர் ஊராகச் சிறைகளைப் பார்த்து, கண்டதையெல்லாம் 1777-இல் அச்சிட்டார். பெரிய மனிதர்தான். ஆனால் அவருக்குப் பல நூற்றாண்டுகள் முன்பே, காவிரி கடலில் கலக்கும் புகாரில் நடப்பதாக மணிமேகலை ஒரு காட்சி சொல்கிறது. காயசண்டிகை என்ற பெண்ணின் வடிவில் சிறைக்கோட்டத்துக்குள் போன மணிமேகலை, பசித்துக் கிடந்தவர்களுக்கு அமுதசுரபியிலிருந்து சோறு இடுகிறாள். செய்தி அரசனுக்குப் போகிறது. என்ன வேண்டும் என்று கேட்கிறான். சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்கு என்கிறாள். அவனும் அப்படியே செய்கிறான்.

அடுத்து, உள்ளே இருப்பவரை என்னவென்று அழைப்பது? 'கைதி'யைக் கையோடு சேர்த்து, விலங்கு மாட்டிய கை என்று பலர் நினைக்கிறார்கள். அது அரபுச் சொல். 'கைத்' என்றால் தளை. இப்போது பரவிவரும் 'சிறைவாசி' அதைவிட மேல். எனக்குப் பிடித்தது மணிமேகலையிலேயே வரும் 'சிறையோர்'. அந்த 'ஓர்' விகுதியில் ஒரு மரியாதை இருக்கிறது.

ஒருமுறை ஒரு சிறை வாசலில் மனு போட்டுப் பார்க்க வந்திருந்த அம்மா ஒருவர், மஞ்சள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனு எழுதித் தருபவர், "கைதி பேரும்மா?" என்றார்.

"எம் மவன்தான் சாமி," என்று சொல்லிவிட்டு, பிறகுதான் பெயரைச் சொன்னார்.