கூண்டில் கிடந்த நாயும் விண்வெளிக்குச் சென்ற நாயும்

சூலூர்பேட்டையில் என் கால்நடை கிளினிக்குக்குக் கிழக்கே ஏரியைத் தாண்டினால் ஸ்ரீஹரிகோட்டா. சென்ற ஆண்டு, பின்னங்கால் முறிந்து ஆறு வாரம் கூண்டிலேயே கிடந்த ஒரு நாட்டு நாயை, கட்டு அவிழ்த்த அன்றே வீட்டார் வரப்பில் ஓடவிட்டார்கள். கொஞ்ச தூரத்திலேயே அது மூச்சிரைத்துச் சரிந்தது. “எலும்புதான் கூடிடுச்சே டாக்டர், அப்புறம் ஏன் விழுந்துச்சு?” என்று பதறிக் கேட்டார்கள். எலும்பு கூடியிருந்தது, ஆனால் இதயமும் தசைகளும் உழைப்பை மறந்திருந்தன.

இதை விண்வெளி தெளிவாகக் காட்டியிருக்கிறது. 1957-இல் சோவியத் ஒன்றியம் விண்வெளிக்கு அனுப்பிய லைகா என்ற நாயின் நாடித்துடிப்பு, ராக்கெட் கிளம்பியபோது நிமிடத்துக்கு 103-லிருந்து 240-க்கு ஏறியது. எடையற்ற நிலைக்கு வந்த பின் அது தணிவதற்கு, தரையில் நடந்த பயிற்சியின்போது ஆனதைப் போல ஏறத்தாழ மூன்று மடங்கு நேரம் பிடித்தது. சில மணி நேரத்தில் வெப்பம் தாளாமல் அது இறந்துபோனதை இன்றும் வருத்தத்தோடுதான் நினைக்கிறேன். 1966-இல் வெத்தெரோக், உகல்யோக் என்ற இரு நாய்கள் 22 நாள் பூமியைச் சுற்றிவிட்டு உயிரோடு திரும்பின. ஆனால் தசை மெலிந்து, உடலில் நீர் குறைந்து, நடக்கவே தடுமாறின.

காரணம் எளிது. புவியீர்ப்பு இருக்கும்வரை, கீழே தங்கப் பார்க்கும் இரத்தத்தை மேலேற்றுவதற்கு இதயமும் இரத்தக்குழாய்களும் ஓயாமல் ஈடுகொடுக்கின்றன. அந்தச் சுமை நீங்கியதும் இரத்தம் மார்புக்கும் தலைக்கும் ஏற, உடல் அதை மிகுதி என்று கருதி நீரைக் குறைத்துக்கொள்கிறது, நாளடைவில் இதயத் தசையும் மெலியத் தொடங்குகிறது. நாலு காலில் நிற்கும் நாய்க்குத் தலையும் இதயமும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் இருப்பதால், இந்த இரத்த இடமாற்றம் மனிதருக்கு நேர்வதைவிடக் குறைவு என்பதே என் கருத்து. ஆனால் உழைக்காத தசை மெலிவது நாய்க்கும் மனிதருக்கும் பொது. எலியின் வாலைக் கட்டிப் பின்னங்கால்கள் தரையில் படாமல் தூக்கிவைத்து, இந்த மாற்றங்களில் பலவற்றை ஆய்வுக்கூடத்திலேயே உண்டாக்குகிறார்கள்.

ஆகவே கூண்டிலிருந்து விடும் நாயை, வயிற்றுக்குக் கீழே துண்டு கொடுத்துத் தாங்கி, முதல் நாள் ஐந்து நிமிடம் மட்டும் நடத்துங்கள். பிறகு உதட்டைத் தூக்கி ஈறை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் இரண்டு விநாடிக்குள் மீண்டும் சிவக்க வேண்டும். தாமதமானால், அல்லது ஈறு வெளிறியே இருந்தால், நடையை நிறுத்திப் படுக்கவைத்துவிட்டு உடனே மருத்துவரை அழையுங்கள்.