ஒன்றுக்கு மேற்பட்ட நாட்டில் பிஆர்: நாள் கணக்கும் வரிக் கணக்கும்

அமெரிக்காவில் எச்-1பி என்ற வேலை விசாவில் இருக்கும் நம்மூர்ப் பிள்ளைகள் பலர், கனடா பிஆருக்கும் (நிரந்தர வசிப்புரிமைக்கும்) ஒரு விண்ணப்பம் போட்டு வைக்கிறார்கள். காரணம் தெரிந்ததுதான். அமெரிக்க பிஆரான கிரீன் கார்டில் எந்த ஒரு நாட்டுக்கும் ஆண்டுக்கு 7 சதவீதத்துக்கு மேல் கிடையாது என்ற உச்சவரம்பு இருப்பதால், இந்தியாவில் பிறந்தவர்களின் வரிசை பல ஆண்டுகளுக்கு நீண்டு கிடக்கிறது. 2023 ஜூலையில் கனடா எச்-1பி வைத்திருப்பவர்களுக்கென்று தனி வேலை அனுமதித் திட்டத்தைத் திறந்தபோது, 10,000 இடங்களும் இரண்டே நாளில் நிரம்பின. சரி, அப்படிப் போய்க் கனடா பிஆர் வாங்கியவருக்கு நாலைந்து வருடம் கழித்துக் கிரீன் கார்டும் வந்துவிட்டால்? சிங்கப்பூர் பிஆரில் இருக்கும் குடும்பத்துக்கு ஆஸ்திரேலிய பிஆரும் கிடைத்துவிட்டால்? இரண்டையும் வைத்துக்கொள்ளலாமா?

வைத்துக்கொள்ளலாம். இந்தியக் குடியுரிமைச் சட்டம் 1955-இன் 9-ஆம் பிரிவு, வேறு நாட்டுக் குடியுரிமை பெற்றால்தான் இந்தியக் குடியுரிமை போகும் என்கிறது. பிஆர் என்பது குடியுரிமை அல்ல. மூன்று நாட்டு பிஆர் கையில் இருந்தாலும் பாஸ்போர்ட் இந்தியப் பாஸ்போர்ட்தான். படிவம் 6ஏ கொடுத்து வெளிநாடுவாழ் வாக்காளராகப் பதிந்தால், தேர்தல் நாளில் ஊருக்கு வந்து ஓட்டும் போடலாம். கனடா, அமெரிக்கா, ஆஸ்திரேலியா, பிரிட்டன், சிங்கப்பூர் போன்ற நாடுகளும் 'வேறெங்கும் பிஆர் இருக்கக் கூடாது' என்று தடை போடவில்லை. விதிவிலக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் நீண்டகால வசிப்புரிமை: அதை வைத்து இன்னொரு உறுப்பு நாட்டுக்குக் குடிபெயர்ந்து அங்கேயும் அதே உரிமையைப் பெற்றால் முதல் நாட்டு உரிமை போய்விடும்.

ஆக, சட்டத்தில் சிக்கல் இல்லை. சிக்கல் 'நிரந்தர' என்ற சொல்லில் இருக்கிறது. சிங்கப்பூரில் நிரந்தரவாசி என்கிறோம், கனடாவில் ஈழத் தமிழர்கள் நிரந்தர வதிவிட உரிமை என்கிறார்கள். எப்படிச் சொன்னாலும், பெரும்பாலான நாடுகளில் அங்கே வாழ்கிறவரைதான் அது நிரந்தரம். போய் எட்டிப் பார்த்துவிட்டு வந்து அலமாரியில் பூட்டி வைக்கிற சொத்து இல்லை அது.

நாள் கணக்கு

கனடாவின் விதி தெளிவானது: எந்த ஐந்தாண்டை எடுத்தாலும் அதில் 730 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். தொடர்ச்சியாக இருக்க வேண்டியதில்லை. ஒரு நாளின் சிறு பகுதி அங்கே இருந்தாலும் அது முழு நாளாகக் கணக்கில் சேரும். ஆஸ்திரேலியாவில் பிஆர் விசா கிடைத்தவர் உள்ளே எவ்வளவு காலமும் இருக்கலாம். ஆனால் வெளியே போய்த் திரும்பி வருவதற்கான பயண அனுமதி 5 ஆண்டுக்குத்தான். அப்புறம் திரும்பி வர 155 என்ற எண்ணுள்ள விசா எடுக்க வேண்டும். கடந்த ஐந்தாண்டில் இரண்டாண்டு அங்கே இருந்திருந்தால் மறுபடி 5 ஆண்டு கிடைக்கும். இல்லையென்றால் வேலை, குடும்பம், சொத்து என்று அந்த நாட்டோடு கணிசமான பிணைப்பு இருப்பதைக் காட்ட வேண்டும். அதிலும் அதிகபட்சம் ஓராண்டுதான். பிரிட்டனில் காலவரையற்ற தங்கும் அனுமதி, தொடர்ந்து 2 ஆண்டு வெளியே இருந்தால் காலாவதியாகும். ஜெர்மனியில் பொதுவாக 6 மாதம்தான்.

இதைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஐந்தாண்டுக்கு 1,826 நாள் என்று வைத்துக்கொள்வோம். கனடாவுக்கு 730, ஆஸ்திரேலியாவுக்கு 730 கொடுத்தால் மீதி 366. கணக்குப்படி இரண்டையும் காப்பாற்றிவிடலாம், ஊரில் ஒரு வருடம் இருக்கவும் நேரம் மிஞ்சும். ஆனால் பள்ளிக்கூடம் போகிற பிள்ளை இருக்கும் வீட்டில் இரண்டாண்டுக்கு ஒருமுறை கண்டம் மாற முடியுமா? நான் பார்த்தவரை இரண்டு பிஆரைப் பத்தாண்டு ஒழுங்காகக் காப்பாற்றியவர்கள் மிகச் சிலர். அவர்களில் அநேகம் பேர் கல்யாணம் ஆகாதவர்கள், அல்லது எங்கிருந்து வேண்டுமானாலும் செய்யக்கூடிய வேலையில் இருப்பவர்கள்.

நாள் எண்ணுவது சுலபம் என்று நினைப்பவர்களுக்காக இதைச் சொல்கிறேன். டொராண்டோவின் ஸ்கார்பரோவில் ஒரு நண்பர் வீட்டில் பிஆர் கார்டு புதுப்பிக்க விண்ணப்பம் நிரப்ப உட்கார்ந்தோம். அப்பாவைப் பார்த்துக்கொள்ள இடையில் நீண்டகாலம் திருநெல்வேலியில் இருந்தவர் அவர். சாப்பாட்டு மேசையில் பழைய பாஸ்போர்ட் ஒன்று, புதியது ஒன்று. விமான நிலைய முத்திரை ஒன்றில் மை பரவித் தேதி தெரியவில்லை. பழைய மின்னஞ்சலில் டிக்கெட்டைத் தேடினோம். நியூஜெர்சியில் சித்தி வீட்டுக்குக் காரில் போய் வந்ததற்கு முத்திரையே இல்லை. அவர் மனைவி செல்போனில் இருந்த பிறந்தநாள் போட்டோவின் தேதியைப் பார்த்துச் சொன்னார். இரவு பதினோரு மணிக்குக் கூட்டிப் பார்த்தால் 741. பதினொரு நாள்தான் மிச்சம். அன்றிலிருந்து யார் கேட்டாலும் நான் சொல்வது, பயணத் தேதிகளை அன்றன்றைக்கே ஒரு நோட்டில் எழுதி வையுங்கள் என்பதுதான்.

கனடா விதியில் ஒரு வழி இருக்கிறது. கணவனோ மனைவியோ கனடியக் குடிமகனாக இருந்து, அவரோடு கூட வெளிநாட்டில் வாழ்ந்தால் அந்த நாட்களும் 730-இல் சேரும். அதனால் சில வீடுகளில் ஒருவர் மட்டும் குடியுரிமை எடுத்துக்கொள்கிறார், அதற்கு ஐந்தாண்டில் 1,095 நாள் உள்ளே இருந்திருக்க வேண்டும். இன்னொருவர் இந்தியப் பாஸ்போர்ட்டையும் பிஆரையும் அப்படியே வைத்துக்கொள்கிறார். யார் யாரோடு போனார்கள் என்பதை அதிகாரிகள் துருவிப் பார்ப்பதுண்டு; என்றாலும் இரண்டு நாட்டில் கால் வைக்க நினைக்கும் குடும்பத்துக்கு இதைவிட உறுதியான வழி எனக்குத் தெரியவில்லை.

நியூசிலாந்தையும் சொல்ல வேண்டும். அங்கே முதலில் கிடைப்பது வசிப்பு விசா. அதில் இரண்டு ஆண்டு, ஒவ்வோர் ஆண்டும் குறைந்தது 184 நாள் அங்கே இருந்தால் நிரந்தர வசிப்பு விசாவுக்கு விண்ணப்பிக்கலாம். அது கிடைத்தபின் திரும்பி வர காலவரம்பே இல்லை. இரண்டாவதாக ஒரு பிஆர் வைத்துக்கொள்ளத்தான் வேண்டும் என்றால், பெயருக்கு ஏற்ற நிரந்தரம் இதில்தான் இருக்கிறது.

கிரீன் கார்டு தனிக் கதை

அமெரிக்காவில் 730 மாதிரி ஓர் எண் கிடையாது. 180 நாளுக்கு மேல் வெளியே இருந்துவிட்டு வந்தால் புதிதாக நுழைகிறவரைப் போல விசாரிக்கலாம். ஓராண்டுக்கு மேல் போனால் அந்தக் கார்டைக் காட்டி உள்ளே வர முடியாது. போவதற்கு முன்பே ஐ-131 படிவத்தில் மறுநுழைவு அனுமதி வாங்கியிருந்தால் 2 ஆண்டு வரை வெளியே இருக்கலாம். நாளைவிட அவர்கள் பார்ப்பது, உங்கள் வீடு எங்கே இருக்கிறது என்பது. வருடத்துக்கு ஒருமுறை வந்து பதினைந்து நாள் இருந்துவிட்டுப் போகிறவரிடம், 'நீங்கள் இங்கே வாழவில்லையே' என்று விமான நிலையத்திலேயே கேட்கலாம். டொராண்டோவில் வீடும் கனடா பிஆரும் இருப்பது அந்தக் கேள்விக்கு வலு சேர்க்கும் சான்றாகிவிடும். கனடாவில் குடியிருந்து தினமும் எல்லை தாண்டி அமெரிக்காவில் வேலை பார்ப்பவர்களுக்கு மட்டும் விதியில் தனி ஏற்பாடு உண்டு. விண்ட்சரில் வீடு, டெட்ராய்டில் வேலை என்பவர்களுக்கு அது பொருந்தும்.

பெரிய சுமை வரிதான். கனடா, ஆஸ்திரேலியா, இந்தியா மூன்றும் பிஆரைப் பார்த்து வரி போடுவதில்லை; நீங்கள் எங்கே வாழ்கிறீர்கள், எத்தனை நாள் இருந்தீர்கள், வீடும் குடும்பமும் எங்கே என்பதைப் பார்க்கின்றன. அமெரிக்கா மட்டும் கார்டையே பார்க்கிறது. கிரீன் கார்டு கையில் இருக்கும்வரை உலகில் எங்கே சம்பாதித்தாலும் அங்கே கணக்குக் காட்ட வேண்டும். சென்னையில் வெளிநாடுவாழ் இந்தியருக்கான என்ஆர்இ கணக்கு வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை, அமெரிக்காவில் உண்டு. வெளிநாட்டு வங்கிக் கணக்குகள் எல்லாம் சேர்ந்து வருடத்தில் ஒரே ஒரு நாள் 10,000 டாலரைத் தாண்டினாலும் தனி அறிக்கை தாக்கல் செய்ய வேண்டும். அப்பாவோடு கூட்டாக மதுரை வங்கியில் வைத்திருக்கும் கணக்கும் இதில் சேரும். பணம் முழுக்க அப்பாவுடையது, நீங்கள் ஒரு ரூபாய்கூட எடுத்ததில்லை என்றாலும் சேரும். நல்லெண்ணத்தில் மகன் பெயரைச் சேர்த்த பெற்றோர் எத்தனை பேர்! இதை மறந்துபோனவர்களுக்கு விதிக்கும் அபராதம் ஆண்டறிக்கை ஒன்றுக்கு 10,000 டாலரைத் தாண்டக்கூடும்.

ஊருக்கே திரும்பி, கிரீன் கார்டை மட்டும் விடாமல் வைத்திருந்தால் இரண்டு நாடும் உங்களைத் தன் வரிவாசி என்று சொல்லும். இந்தியா, அமெரிக்கா இடையே இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருக்கிறது. நிலையான வீடு எங்கே, வாழ்க்கையின் மையம் எங்கே என்று வரிசையாகப் பார்த்து ஒரு நாட்டைத் தீர்மானிக்க அதில் வழி உண்டு. ஆனால் அந்த ஒப்பந்தத்தைக் காட்டி 'நான் இந்தியவாசி' என்று எழுதிக் கொடுத்தால், அதே காகிதம் கிரீன் கார்டைக் கைவிட்டதற்கு அடையாளமாக எடுத்துக்கொள்ளப்படலாம்.

அதனால்தான் என் கருத்து: அமெரிக்காவில் போய் வாழும் எண்ணம் இல்லாதவர், இருக்கட்டுமே என்று கிரீன் கார்டு வைத்திருக்கக் கூடாது. மற்ற பிஆர் பெரும்பாலும், சும்மா வைத்திருந்தால் கைவிட்டுப் போகும், அவ்வளவுதான். இது சும்மா இருந்தாலும் செலவு வைக்கும்.

நன்மை இல்லையா?

நிச்சயமாக உண்டு. எச்-1பியில் வேலை போனால் பொதுவாக 60 நாள்தான் அவகாசம். கனடா பிஆர் இருப்பவர் அந்த 60 நாளைப் பதறாமல் கழிக்கலாம். பிள்ளைக்குக் கல்லூரிக் கட்டணம் உள்ளூர் விகிதத்தில் கட்டலாம். சிங்கப்பூரில் வீடு வாங்கும்போது கூடுதல் முத்திரைத் தீர்வை வெளிநாட்டவருக்கு 60 சதவீதம், முதல் வீடு வாங்கும் நிரந்தரவாசிக்கு 5 சதவீதம். இந்தியப் பாஸ்போர்ட்டோடு அமெரிக்க அல்லது கனடிய பிஆர் இருந்தால் மெக்சிகோவுக்கு விசா வேண்டாம். இப்படிச் சின்னதும் பெரிதுமாகச் சௌகரியங்கள் இருக்கின்றன.

ஆனால் இந்தச் சலுகைகள் எல்லாம் கார்டோடு ஒட்டி வருவதில்லை. ஒன்ராறியோவின் அரசு மருத்துவக் காப்பீட்டுக்கு 12 மாதத்தில் 153 நாள் அந்த மாகாணத்தில் இருக்க வேண்டும். ஆஸ்திரேலியாவில் பிஆர் பிள்ளைக்குக் கல்லூரியில் அரசு மானிய இடம் கிடைக்கும், ஆனால் கட்டணத்துக்கான அரசுக் கடன் பொதுவாகக் குடிமக்களுக்குத்தான். வெளிநாட்டில் மாட்டிக்கொண்டால் உதவிக்கு வரவேண்டியது இந்தியத் தூதரகம்தான், பிஆர் கொடுத்த நாடு அல்ல.

சிங்கப்பூரில் ஆண் பிள்ளை இருக்கும் வீடு தனியாக யோசிக்க வேண்டும். திறன் அடிப்படையில் பிஆர் பெற்ற தந்தைக்குத் தேசிய சேவை என்ற கட்டாயப் படைப்பணி கிடையாது. அவர் மூலம் பிஆர் பெற்ற மகனுக்கு உண்டு: இரண்டாண்டு முழுநேரம், அப்புறம் 40 வயது வரை பயிற்சி அழைப்பு. ஆஸ்திரேலியா போகிறோம், தேவையென்றால் பையனின் பிஆரை விட்டுவிடலாம் என்று எளிதாக நினைக்கிறார்கள். சேவை செய்யாமல் பிஆரைத் துறந்த பையன் பின்னாளில் சிங்கப்பூரில் படிக்கவோ வேலை பார்க்கவோ விண்ணப்பித்தால் அது அவனுக்கு எதிராக எடுத்துக்கொள்ளப்படும். அந்த முடிவின் விளைவைச் சுமக்கப்போவது அவன். விண்ணப்பத்தில் கையெழுத்துப் போடுவது நாம்.

இலங்கையிலிருந்து அகதியாகப் போய்க் கனடாவில் பிஆர் பெற்றவர்களுக்கு விதி வேறு. 2012-இல் வந்த சட்டத் திருத்தத்துக்குப் பிறகு, குடியுரிமை பெறும் முன் இலங்கைப் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்து அங்கே போய்வந்தால், பாதுகாப்பு இனித் தேவையில்லை என்று கருதி அகதி நிலையை நீக்க வழக்குத் தொடரலாம். அதோடு பிஆரும் போகும். 730 நாள் சரியாக இருந்தாலும் அது காப்பாற்றாது. இவர்கள் இன்னொரு நாட்டு பிஆரைத் தேடுவதற்கு முன் கனடியக் குடியுரிமையை முடித்துக்கொள்வது நல்லது. இலங்கை இரட்டைக் குடியுரிமைக்கு விண்ணப்பிக்க இடம் கொடுக்கிறது, இந்தியா கொடுப்பதில்லை.

அம்மா அப்பாவுக்கும் பிஆர் எடுத்து வைக்கலாமா என்று அடிக்கடி கேட்கிறார்கள். திருச்சியில் வீடும் கோயிலும் அக்கம்பக்கமும் இருக்கிறவர்கள், கோடையில் மூன்று மாதம் வந்து பேரனைப் பார்த்துவிட்டுப் போகிறவர்கள் என்றால் வேண்டாம். கனடாவில் பெற்றோருக்கான சூப்பர் விசா ஒருமுறை உள்ளே வந்தால் 5 ஆண்டு வரை தங்க விடுகிறது. பிஆர் எடுத்துவிட்டு 730 நாள் இருக்காமல் போனால், அதை முறைப்படி துறக்காதவரை சாதாரணப் பார்வையாளர் விசாகூடக் கொடுக்க மாட்டார்கள்.

ஒன்றை விடுவது என்று முடிவெடுத்தால், அதை விட்டோம் என்று எழுதிக் கொடுத்து விடுங்கள். கனடா பிஆர் கார்டு காலாவதியானதாலேயே பிஆர் போய்விடாது. கிரீன் கார்டும் அப்படித்தான்: பிளாஸ்டிக் அட்டையில் தேதி முடிந்தாலும் வரிக் கடமை முடியாது, ஐ-407 படிவம் கொடுத்து ஒப்படைக்க வேண்டும். அதுவும் கடந்த 15 ஆண்டில் 8 ஆண்டு கார்டு வைத்திருப்பதற்கு முன்பே. ஓராண்டில் ஒரு நாள் வைத்திருந்தாலும் அது ஓர் ஆண்டாகவே எண்ணப்படும். அந்த எட்டைத் தொட்டவர், சொத்தோ கட்டிவந்த வருமான வரியோ வரம்புக்கு மேல் இருந்தால் வெளியேறும் வரியும் கட்ட நேரிடும். சிங்கப்பூரில் பிஆரைத் துறந்து நிரந்தரமாகப் போகிறவர் மத்திய சேமநிதியில் இருக்கும் பணத்தை முழுதாக எடுத்துக்கொள்ளலாம். அந்த விண்ணப்பத்தையும் கிளம்புவதற்கு முன்பே போட்டுவிட்டால் ஊரிலிருந்து அலைய வேண்டியிருக்காது.