கொலோன் கோபுரங்கள் படத்தில் மட்டும் ஏன் சாய்கின்றன?

ஜெர்மனி போய்வந்த வாசகி ஒருவர் கொலோன் பேராலயத்தின் படத்தை அனுப்பி, "நேரில் விறைப்பாக நின்ற கோபுரங்கள் போனில் மட்டும் பின்னால் சாய்கின்றனவே, லென்ஸ் கோளாறா?" என்று கேட்டிருந்தார். பாவம் லென்ஸ், அதன்மேல் தப்பில்லை.

1248-ல் தொடங்கி 1880-ல் கட்டி முடித்த ஆலயம் அது. இரட்டைக் கோபுரங்களின் உயரம் 157 மீட்டர். மேற்கு வாசலுக்கு எதிரே பின்வாங்கிப் போக இடம் குறைவு. அதனால் எல்லோரையும் போல அவரும் போனை அண்ணாந்து பிடித்திருக்கிறார்.

உச்சி தூரத்தில் இருக்கிறது, தூரத்துப் பொருள் சிறுத்துத் தெரியும், அதனால் கோபுரங்கள் மேலே போகப்போக நெருங்குகின்றன. அவ்வளவுதானே என்று தோன்றும். ஆனால் போனைச் சாய்க்காமல் செங்குத்தாகப் பிடித்தாலும் உச்சி அதே தூரத்தில்தானே இருக்கிறது? அப்போது மட்டும் கோபுரங்கள் நேராகவே பதிவது எப்படி?

எனக்கு அலுக்காத இடம் இது. 150 மீட்டர் தள்ளி நிற்பதாக வைத்துக்கொள்வோம். நம் கண்மட்டத்தில் உள்ள சுவர் 150 மீட்டரில் இருக்கிறது. உச்சியோ, பிதாகரஸ் கணக்குப்படி, சுமார் 216 மீட்டரில், அதாவது 1.44 மடங்கு தூரம். உச்சியில் ஒரு கல்பூ இருக்கிறது. அதே அளவில் செய்த மாதிரியை ஆலயத்தின் முன்பு தரையில் வைத்திருக்கிறார்கள், ஒன்பதரை மீட்டர் உயரம். மேலே இருக்கும் அந்தப் பூ படத்தில் 1.44 மடங்கு சிறுத்திருக்க வேண்டும் அல்லவா?

இப்போது கேமராவுக்குள் வாருங்கள். கண்மட்டச் சுவரின் ஒளி லென்ஸைக் கடந்து நேராகச் சென்சாரில், அதாவது படம் பதியும் சில்லில், விழுகிறது. உச்சியின் ஒளி சாய்வாக வந்து சென்சாரின் ஓரத்தைத் தொடுகிறது. ஆகவே உள்ளே அது கடக்கும் தூரமும் அதே 1.44 மடங்கு! வெளியே தூரம் கூடியதால் சிறுத்த பிம்பம், உள்ளே தூரம் கூடியதால் அதே அளவு பெருக்கிறது. வகுத்ததைப் பெருக்கியாயிற்று, கணக்கு நேர். சென்சாரும் முகப்பும் இணையாக இருக்கும்வரை இது பிசகாது.

போனை அண்ணாத்தியதும் உச்சியின் ஒளி சென்சாரின் நடுப்பக்கம் நகர்கிறது. உள்ளே கிடைத்த கூடுதல் தூரம் குறைகிறது, வெளித்தூரம் அப்படியே இருக்கிறது. கோபுரம் குவிந்துவிடுகிறது. லென்ஸ் சமன்பாட்டை மனப்பாடம் செய்யவைக்கும் நம் பள்ளிகள், ஒரு பீரியடாவது பிள்ளைகளை வெளியே அழைத்துப்போய் இதைக் காட்டலாம். செலவும் கிடையாது.

விழித்திரையிலும் இதே சங்கதிதான். ஆனால் தலை அண்ணாந்திருப்பதை உள்காதும் கழுத்துத் தசையும் சொல்லிவிடுவதால் மூளை அதற்கேற்பச் சரிசெய்துகொள்கிறது. சோபாவில் உட்கார்ந்து படம் பார்க்கும்போது அந்தத் தகவல் கிடைப்பதில்லை.

கட்டடங்களையே படமெடுப்பவர்கள் ஷிஃப்ட் லென்ஸ் வைத்திருப்பார்கள். கேமராவைச் சாய்க்காமல் லென்ஸை மட்டும் மேலே நகர்த்தலாம். விலையைக் கேட்டால் மயக்கம் வரும். போன்காரர்களுக்கு, காட்சியை அகலமாகப் பிடிக்கும் அல்ட்ரா வைட் லென்ஸ் போதும். போனைச் செங்குத்தாகப் பிடித்து எடுங்கள், கீழ்ப்பாதி முழுக்கத் தரையாக வந்தால் வரட்டும், பிறகு கிராப் செய்துவிடலாம். எடுத்துவிட்ட படத்தை ஆப்பில் நிமிர்த்தவும் முடியும். ஆனால் மேலே இருக்கும் கொஞ்சம் பிக்ஸல்களை இழுத்துப் பரப்பித்தான் அது நிமிர்த்துகிறது, சிற்ப வேலை மங்கிப்போகும். முழுக்க நிமிர்த்தினால் உச்சி கனத்து, கோபுரம் நம் பக்கம் கவிழ்வது போலவும் தெரியும். லேசான சாய்வை விட்டுவைக்கலாம் என்பது என் கட்சி.